பியருக்கு நிறம் எங்கிருந்து வருகிறது? 100 கிராம் கருவறுத்த பார்லியும் 10 ஆண்டு சிறையும்

ஒரு கிளாஸில் கின்னஸ் டிராஃப்ட், பக்கத்து கிளாஸில் நம்மூர் 'ஸ்ட்ராங்' பியர். இரண்டையும் காட்டி "இதில் எது அதிகம் போதை தரும்?" என்று கேட்டால், பெரும்பாலானவர்களின் விரல் கறுப்பாக இருக்கும் கிளாஸை நோக்கித்தான் போகும். ஆனால் கின்னஸ் டிராஃப்டில் ஆல்கஹால் அளவு 4 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி 'ஸ்ட்ராங்' என்று எழுதப்பட்ட பியரில் 5 முதல் 8 சதவீதம் வரை இருக்கலாம். அதாவது, பளபளவென்று பொன்னிறத்தில் அப்பாவியாக நிற்பதுதான் இரண்டில் வலுவானது.

இந்த ஏமாற்று வேலையை நன்றாகப் புரிந்துகொள்ள ஸ்காட்லாந்து பாணி ஏல் பியரைப் பார்ப்பது நல்லது. அதில் லைட், ஹெவி, எக்ஸ்போர்ட் என்று மூன்று வகைகள் உண்டு. பெயரைப் பார்த்தால் லைட் வெளிராகவும் எக்ஸ்போர்ட் கறுப்பாகவும் இருக்கும் என்று தோன்றும். ஆனால் பியர் போட்டிகளுக்கான பி.ஜே.சி.பி. வழிகாட்டியின்படி 3.3 சதவீதத்தைத் தாண்டாத லைட்டுக்குத்தான் மூன்றிலும் அடர்ந்த நிறம். 6 சதவீதம் வரை போகும் எக்ஸ்போர்ட், அதைவிட வெளிராகவே இருக்கலாம்.

வெளிநாடுகளில் இந்த ஏலை வீட்டிலேயே தயாரிப்பவர்களை அதிகம் குழப்புவதும் நிறம்தான். "ரெசிபியில் சொன்னபடிதான் செய்தேன், கலர் மட்டும் வரவில்லை" என்ற புலம்பலைக் கேட்காத ஹோம்ப்ரூவர் இருக்க மாட்டார். கழக்கூட்டத்தில் ஃபிளாட் எடுத்து டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் உங்கள் மொபைலுக்கும் ஹோம்ப்ரூ கிட் விளம்பரங்கள் வந்திருக்கலாம். எனவே நிறத்துக்குள் போகும் முன் சட்டத்தைப் பார்த்துவிடுவோம்.

திருவனந்தபுரத்தில் வீட்டில் பியர் செய்யலாமா?

கூடாது. நாகர்கோவில், மார்த்தாண்டத்திலிருந்து போய் வரும் தமிழர்களுக்கும், அங்கேயே குடியேறியவர்களுக்கும் இதே பதில்தான்.

இந்திய அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 8-வது இடத்தில் இருப்பது மது. தயாரிப்பு, கையிருப்பு, போக்குவரத்து, விற்பனை எல்லாமே மாநிலத்தின் கையில். கேரளத்தில் இதை ஆள்வது அப்காரி சட்டம். அதன் பெயரில் வரும் 1077 என்பது கொல்லம் ஆண்டு, ஆங்கிலக் கணக்கில் 1902 வாக்கில் வரும். கொச்சி சமஸ்தானத்தில் பிறந்த இந்தச் சட்டம் 1967-ல் கேரளம் முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது. 'பியர்' என்ற சொல்லுக்கு அதில் கொடுத்திருக்கும் விளக்கத்தில் ஏல், ஸ்டவுட், போர்ட்டர் எல்லாம் பெயர் சொல்லியே இடம்பெறுகின்றன. "நான் செய்வது பியர் இல்லை சார், ஏல்" என்று எக்சைஸ் அதிகாரியிடம் வாதாட வழியில்லை.

பிரிவு 55-ன் கீழ், உரிமம் இல்லாமல் மது தயாரித்தால் 10 ஆண்டு வரை சிறை, குறைந்தது 1 லட்சம் ரூபாய் அபராதம். குறைந்தபட்சம் 1 லட்சம் என்பதைக் கவனியுங்கள், அதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம். மது தயாரிக்கும் நோக்கத்தோடு பொருட்களையும் பாத்திரங்களையும் வைத்திருப்பதும் அதே பிரிவில் தனிக் குற்றம். ஆக, "இன்னும் நொதிக்கவே ஆரம்பிக்கவில்லையே" என்பதும் தப்பிக்கும் வழி இல்லை. அளவு குறைவு, சொந்த உபயோகம், விற்பனைக்கு அல்ல போன்ற காரணங்களுக்கு அந்தப் பிரிவு விலக்கு எதுவும் தரவில்லை.

இது ஏட்டில் மட்டும் இருக்கும் சட்டமும் அல்ல. 2019 டிசம்பரில், கிறிஸ்துமஸ் நெருங்கிய நேரத்தில், வீட்டில் ஒயின் போடுவதும் அப்காரி குற்றம்தான் என்று கேரள எக்சைஸ் துறை எச்சரித்தது. தலைமுறை தலைமுறையாகப் பரணியில் திராட்சை ஒயின் போட்டுவந்த குடும்பங்கள் திகைத்துப் போயின. 2022-ல் பழங்களிலிருந்து ஒயின் தயாரிக்கும் சிறு ஆலைகளுக்குக் கேரளம் தனி விதிகள் கொண்டுவந்தது. ஆனால் அது உரிமம் பெற்று நடத்தும் ஆலைக்கான வழி, சமையலறைக்கானது அல்ல.

களியக்காவிளையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தாலும் நிலைமை மாறாது. இங்கே 1937-ம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் காத்திருக்கிறது. பிரிட்டனில் 1963-லேயே வீட்டுத் தயாரிப்புக்கு உரிமம் தேவையில்லை என்றாகிவிட்டது. அமெரிக்காவில் ஜிம்மி கார்ட்டர் 1978-ல் அதற்கான மசோதாவில் கையெழுத்திட்டார். ஆன்லைனில் நீங்கள் பார்க்கும் ரெசிபிகளில் பெரும்பாலானவை அந்த நாடுகளிலிருந்து வருபவை. அங்குள்ள சட்டம் ரெசிபியோடு சேர்ந்து டவுன்லோடு ஆவதில்லை.

நிறத்தை எப்படி அளக்கிறார்கள்?

ஜோசப் லோவிபாண்ட் என்ற ஆங்கிலேயர் மது ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். பியரின் தரத்தை நிறத்தை வைத்து ஒழுங்காகக் கணிக்க முடியவில்லையே என்பது அவருடைய கவலை. சால்ஸ்பரி தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களைப் பார்த்தபோது அவருக்கு ஒரு யோசனை வந்தது என்று சொல்வார்கள். வெவ்வேறு அடர்த்தியில் வண்ணக் கண்ணாடித் துண்டுகளைச் செய்து, அவற்றோடு பியரை ஒப்பிட்டுப் பார்க்கும் கருவியை 1880-களில் உருவாக்கினார். இன்றைக்கும் மால்ட் பையில் 'இத்தனை லோவிபாண்ட்' என்று எழுதுவது அவர் பெயரால்தான்.

இப்போது கண்ணாடிக்குப் பதில் ஒளிமானி. 1 சென்டிமீட்டர் தடிமனுள்ள பியர் வழியாக 430 நானோமீட்டர் நீல ஒளியைச் செலுத்தி, எவ்வளவு விழுங்கப்படுகிறது என்று அளப்பார்கள். அந்த அளவை 12.7-ஆல் பெருக்கினால் வருவது எஸ்.ஆர்.எம். எண். ஐரோப்பியர்களின் இ.பி.சி. எண் இதைப் போலக் கிட்டத்தட்ட இரு மடங்கு. நீலத்தை விழுங்கினால் நம் கண்ணுக்கு எஞ்சுவது மஞ்சளும் சிவப்பும் என்பதால்தான் பியர்கள் எல்லாமே வைக்கோல் நிறத்திலிருந்து கறுப்பு வரை ஒரே பாதையில் பயணிக்கின்றன.

இதைக் கொஞ்சம் கணக்காகப் பார்க்கலாம். 3 எஸ்.ஆர்.எம். உள்ள லாகர் பியரில் அந்த நீல ஒளியின் 58 சதவீதம் மறுபக்கம் வந்துவிடும். 20 எஸ்.ஆர்.எம். உள்ள ஸ்காட்டிஷ் லைட்டில் வருவது 3 சதவீதத்துக்கும் குறைவு. 40-ஐத் தொடும் ஸ்டவுட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது.

பாதையின் நீளமும் முக்கியம். ஒரே பியர் ஒல்லியான சோதனைக் குழாயில் தேன் நிறமாகவும், அகலமான மக்கில் காபி நிறமாகவும் தெரியும். கேனிலோ வாளியிலோ இருக்கும்போது இன்னும் கறுப்பு. மொபைல் கேமராவின் ஒயிட் பேலன்ஸ் வேறு தன் பங்குக்கு நிறத்தை மாற்றும். "கலர் வரவில்லை" என்ற புலம்பல்களில் ஒரு பகுதி, போட்டோவில் பார்த்த கிளாஸையும் கையில் இருக்கும் கிளாஸையும் ஒப்பிட்டதால் வருவது.

100 கிராம் செய்யும் வேலை

பியரின் அடிப்படை வெளிர் மால்ட். முளைகட்டி, மிதமான சூட்டில் உலர்த்திய பார்லி. அதன் நிறம் 2 அல்லது 3 லோவிபாண்ட். கருவறுத்த பார்லியோ 500-ஐ ஒட்டி இருக்கும். இரண்டுக்கும் இடையே 150 மடங்குக்கு மேல் வித்தியாசம். நிறத்தின் ரகசியம் முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

ஹோம்ப்ரூவர்கள் பயன்படுத்தும் மோரி சூத்திரத்தில் எண்களைப் போட்டுப் பார்த்தேன். 20 லிட்டர் பியருக்கு 4 கிலோ வெளிர் மால்ட் மட்டும் என்றால் நிறம் சுமார் 4.5 எஸ்.ஆர்.எம்., வெறும் பொன்னிறம். அதோடு 100 கிராம் கருவறுத்த பார்லி சேர்த்தால் 14, செம்புப் பாத்திரத்தின் நிறம். 200 கிராம் சேர்த்தால் 21, அடர் பழுப்பு. 300 கிராமில் 27.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதல் 100 கிராம் ஒன்பதரை எண் ஏற்றியது, இரண்டாவது 7, மூன்றாவது 6. போகப்போக ஒவ்வொரு 100 கிராமும் தரும் நிறம் குறைந்துகொண்டே வரும். ஆனால் கருகல் கசப்பு அப்படிக் குறைவதில்லை. "இன்னும் கொஞ்சம் கறுப்பா வரட்டும்" என்று அள்ளிப் போடுபவர்கள் கடைசியில் காபிக் கஷாயம் குடிப்பது இதனால்தான். அடுத்தது, 100 கிராம் கருவறுத்த பார்லியால் மது பலம் கூடுவது சுமார் 0.1 சதவீதப் புள்ளி. நிறம் மூன்று மடங்காகிறது, போதை இருந்த இடத்திலேயே இருக்கிறது. கின்னஸ் புதிருக்கும் விடை இதுதான்.

கேரமல் வாசனை தரும் கிரிஸ்டல் மால்ட்டால் இதைச் செய்ய முடியாதா? முடியும். 60 லோவிபாண்ட் கிரிஸ்டல் மால்ட் என்றால், 100 கிராம் கருவறுத்த பார்லி தரும் அதே நிறத்துக்குச் சுமார் 830 கிராம் போட வேண்டும். அதற்குள் பியர் தித்தித்துவிடும். சுவைக்குக் கிரிஸ்டல், நிறத்துக்குக் கருவறுத்தது என்று இரண்டு வேலைகளையும் பிரித்துவைப்பது அனுபவசாலிகளின் வழக்கம்.

கொதிக்க விட்டால் கறுக்குமா?

ஸ்காட்டிஷ் ஏல் பற்றி உலவும் பிரபலமான கதை ஒன்று உண்டு. மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து வடித்த இனிப்புச் சாற்றை ஸ்காட்லாந்துக்காரர்கள் மணிக்கணக்கில் கொதிக்க விடுவார்கள், அண்டாவில் சர்க்கரை கேரமல் ஆகிச் செந்நிறமும் டாஃபி சுவையும் வரும் என்பது அந்தக் கதை. சிலர் முதல் சாற்றில் 4 லிட்டரைத் தனியே எடுத்து 1 லிட்டராகச் சுண்டக் காய்ச்சி ஊற்றுவார்கள்.

இதில் அறிவியல் பாதி சரி. சர்க்கரை கேரமல் ஆக 160 டிகிரி வாக்கில் சூடு வேண்டும், கொதிக்கும் சாறு 100 டிகிரியைச் சற்றுத் தாண்டுவதோடு சரி. அங்கே நடப்பது பெரும்பாலும் மைய்யார் வினை. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்து பழுப்பாகும் இந்த மாற்றத்தை 1912-ல் விவரித்தவர் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மைய்யார். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவின் பழுப்பும் தோசையின் முறுகலும் அதே வினைதான். எனவே சுண்டக் காய்ச்சினால் நிறம் ஏறும் என்பது உண்மை. பதநீரைக் கருப்பட்டியாகக் காய்ச்சும் வீட்டில் வளர்ந்த எவருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சில எண்கள் ஏறும், ஆனால் எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டியே சொல்வது கடினம், கேஸும் நிறையச் செலவாகும்.

கதையின் மீதிப் பாதி வரலாறு. அது தேறவில்லை. ஸ்காட்லாந்து மது ஆலைகளின் பழைய பதிவேடுகள் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பியர் வரலாற்றாளர் ரான் பாட்டின்சன் அவற்றை ஆண்டுக்கணக்கில் புரட்டியிருக்கிறார். மற்ற பிரிட்டிஷ் ஆலைகளைவிட அவர்கள் அதிக நேரம் கொதிக்கவிட்டதாக அவற்றில் இல்லை. கருவறுத்த பார்லியைக்கூட அவர்கள் அவ்வளவாகப் போடவில்லை. பீட் புகை மால்ட்? அதுவும் விஸ்கியிலிருந்து இரவல் வாங்கிய கற்பனை.

அப்படியானால் நிறம் எங்கிருந்து வந்தது? கேரமல் திரவத்திலிருந்து. பியர் தயாரான பிறகு, பீப்பாயில் நிரப்பும் கட்டத்தில், தேவையான நிறத்துக்கு ஊற்றிக் கலந்தார்கள். ஒரே நாளில் ஒரே அண்டாவில் காய்ச்சிய பியர், ஒரு வட்டாரத்துக்கு வெளிராகவும் இன்னொரு வட்டாரத்துக்கு அடர்த்தியாகவும் போனது. அந்தந்த ஊர்க்காரர்களின் கண் எந்த நிறத்துக்குப் பழகியிருந்ததோ அந்த நிறம். லைட் ஏன் மூன்றிலும் கறுப்பு என்ற கேள்விக்கும் இங்கே விடை இருக்கிறது. பலம் குறைந்த பியரை அடர்ந்த நிறத்தில் குடிக்க மக்கள் பழகியிருந்தார்கள், ஆலையும் அதைக் கொடுத்தது.

என் பார்வையில் இந்தச் சின்னத் தகவல் மொத்த விஷயத்தையும் தலைகீழாக்குகிறது. 'அசல் முறை' என்று நம்பி ஒருவர் மூன்று மணிநேரம் அண்டாவைக் கிண்டிக்கொண்டிருக்கிறார். அசலில் நடந்ததோ ஒரு கரண்டி கேரமல்.

லேபிளில் இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பாட்டிலின் பின்பக்கம் பொருள் பட்டியல் இருந்தால் ஐ.என்.எஸ். 150 என்ற எண்ணைத் தேடுங்கள். அது கேரமல் நிறம். 150-க்குப் பின்னால் ஏ, பி, சி, டி என நான்கு வகைகள். பியருக்கு வழக்கமாகப் போவது 150சி, அம்மோனியா சேர்த்துத் தயாரிப்பது. காரணம் மின்னேற்றம். பியரில் உள்ள புரதங்கள் நேர் மின்னேற்றம் கொண்டவை. எதிர் மின்னேற்றமுள்ள கேரமலை ஊற்றினால் இரண்டும் ஒட்டிக்கொண்டு பியர் கலங்கிவிடும். 150சி-யும் நேர் மின்னேற்றம் கொண்டது என்பதால் பிரச்சினை இல்லை. கோலா பானங்களில் இருப்பது 150டி, அதை பியரில் ஊற்றிப் பார்க்கும் யோசனையை இங்கேயே கைவிடலாம். ஸ்காட்ச் விஸ்கியில்கூட, தண்ணீரைத் தவிர 150ஏ கேரமலை மட்டும் சேர்க்க 2009-ம் ஆண்டு பிரிட்டிஷ் விதிகள் அனுமதிக்கின்றன. பாட்டிலில் தெரியும் விஸ்கியின் நிறம் முழுவதும் மரப்பீப்பாய் தந்தது என்று நம்பியிருந்தால் மன்னிக்கவும்.

இது உடம்புக்குக் கெடுதலா? ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011-ல் எல்லாக் கேரமல் வகைகளுக்கும் சேர்த்து, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. 150சி-க்கு மட்டும் கூடுதல் எச்சரிக்கையாக 100 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 6 கிராம். பியரில் அந்த வரம்பைத் தொடும் முன்னரே ஆல்கஹால் உங்களைக் கவிழ்த்துவிடும். கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான்.

கேரமல் வேண்டாம், மால்ட்டிலிருந்தே நிறம் வேண்டும் என்பவர்களுக்கு ஜெர்மனியின் பாம்பெர்க் நகரிலுள்ள வெயர்மான் நிறுவனம் சினமார் என்ற திரவம் விற்கிறது. கருவறுத்த மால்ட்டில் காய்ச்சிய பியரைச் சுண்ட வைத்தது. நிறம் 8,000 இ.பி.சி-க்கும் மேல். 20 லிட்டர் பியரை 5 எஸ்.ஆர்.எம். கறுப்பாக்க ஏறத்தாழ 25 மில்லிலிட்டர் போதும், அதாவது ஐந்து டீஸ்பூன்.

கேரளத்து வீடுகளில் கிறிஸ்துமஸ் பிளம் கேக்குக்காகச் சர்க்கரையைக் கருக்கிப் பாகு எடுப்பார்களே, அதுவும் கொள்கையளவில் இதே வேலைதான். ஆனால் கருகாத சர்க்கரை மிச்சம் இருந்தால் அது நொதித்துப் பலத்தை ஏற்றும், அதிகம் கருகினால் கசக்கும். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வரும். கருப்பட்டி போட்டால்? அதன் சர்க்கரை கிட்டத்தட்ட முழுவதும் நொதித்துவிடும். பலம் கூடும், வாசனை வரும், நிறம் எதிர்பார்த்த அளவு வராது.

திருவனந்தபுரத்துத் தண்ணீரும் வெயிலும்

எடின்பரோவில் எழுதிய ரெசிபி இந்த ஊரில் அப்படியே வராததற்குச் சட்டம் மட்டும் காரணம் அல்ல. நகரின் குடிநீர் அருவிக்கரை அணையிலிருந்து, கரமனை ஆற்றுத் தண்ணீராக வருகிறது. கேரளத்து ஆற்று நீர் பொதுவாக மென்னீர், அமிலத்தைச் சமன்செய்யும் கார்பனேட் அதில் குறைவு. கருவறுத்த தானியம் அமிலத்தன்மை கொண்டது. மால்ட் ஊறும்போது பி.ஹெச். 5.2 முதல் 5.6-க்குள் இருப்பது நல்லது. மென்னீரில் கறுப்புத் தானியத்தைக் கூட்டினால் அது இன்னும் கீழே இறங்கி, புளிப்பும் கரகரப்பும் தட்டும். கருவறுத்த தானியத்தைக் கடைசியில், சாறு வடிக்கும் நேரத்தில் மட்டும் சேர்ப்பது இதற்கு உலகெங்கும் கையாளும் வழி. நிறம் சில நிமிடங்களிலேயே இறங்கிவிடும், மீதியை ஏன் இறக்க வேண்டும்?

வெயில் இன்னொரு பக்கம். ஸ்காட்டிஷ் ஏல் 20 டிகிரிக்குக் கீழே நிதானமாக நொதிக்க வேண்டிய பியர். இங்கே அறைச் சூடே 30 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் நாள்கணக்கில் கிடக்கும் பாட்டிலுக்குள் ஆக்சிஜன் நுழைந்திருந்தால் பியர் தானாகவே கறுக்கும், கூடவே ஈரமான அட்டைப்பெட்டி வாசனையும் வரும். வெளிர் லாகர் ஒன்று வழக்கத்தைவிடச் சிவந்து தெரிந்தால், நிறம் உண்மையிலேயே ஒரு தகவல் சொல்லும் அபூர்வமான இடம் அது. பாட்டிலின் தேதியைப் பாருங்கள்.

மற்றபடி நிறத்தை நம்பி எந்த முடிவுக்கும் வர வேண்டாம். போலி மதுவில் இது உயிர் விஷயம். கேரளத்தில் 2000-ல் கல்லுவாதுக்கல், தமிழ்நாட்டில் 2024-ல் கள்ளக்குறிச்சி, இரண்டு இடங்களிலும் ஆட்களைக் கொன்றது மெத்தனால். அதற்கு நிறமே கிடையாது. ஸ்பிரிட்டில் கேரமலும் எசன்ஸும் கலந்தால் பார்வைக்கு ரம் தயார். அப்காரி வழக்கில் பிடிபடும் மாதிரி திருவனந்தபுரத்திலுள்ள வேதியியல் பரிசோதனைக் கூடம் போன்ற இடங்களுக்குத்தான் போகும். அங்கேயும் தேடப்படுவது ஆல்கஹால். பொன்னிறமா பழுப்பா என்பது வழக்கின் முடிவை மாற்றாது.

சட்டத்தைத் தொடாமல் பார்க்க வேண்டுமா?

நிறம் மட்டும்தான் ஆர்வம் என்றால் ஈஸ்டே தேவையில்லை. மளிகைக் கடை பார்லியை இரும்பு வாணலியில், காபிக் கொட்டை நிறம் வரும் வரை வறுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை பலமாக இருக்கும். 5 கிராம் எடுத்துப் பொடித்து, 1 லிட்டர் வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்து வடிகட்டுங்கள். 20 லிட்டருக்கு 100 கிராம் என்ற அதே விகிதம்தான் இது. இன்னொரு பாத்திரத்தில் 10 கிராம், மூன்றாவதில் 15. ஒரே மாதிரியான மூன்று கிளாஸ்களில் ஊற்றி, பின்னால் வெள்ளைக் காகிதம் வைத்துப் பாருங்கள். வீட்டு வறுவல் கடைச் சரக்கின் 500 லோவிபாண்டை எட்டாது, அதனால் நிறம் கொஞ்சம் வெளிராக வரலாம். இரண்டாவது கிளாஸிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது வித்தியாசம் சுருங்குவது மட்டும் தெளிவாகத் தெரியும்.

கொரியாவிலும் ஜப்பானிலும் இதைத்தான் பார்லி டீ என்று குளிரவைத்துக் குடிக்கிறார்கள். நொதிக்காத பானம், ஆல்கஹால் இல்லை, அப்காரி சட்டத்துக்கு இதில் வேலையும் இல்லை. பியராகவே குடித்துப் பார்க்க வேண்டும் என்றால் பெங்களூருவின் உரிமம் பெற்ற மைக்ரோப்ரூவரிகள் இருக்கின்றன. கேரளத்தில் வாங்கிக் குடிப்பதற்கான சட்டபூர்வ வயது 23.